ஏழாம் அத்தியாயம்

"அப்பா, ஏழாவது அத்தியாயத்துல கோழி வருது," என்றாள் மகள்.

புள்ளிக்காரர் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதிக் கன்னத்தில் நுரை.

"எந்தக் கோழி?"

"கோழிதாம்பா. குஞ்சையெல்லாம் பல்புக்குக் கீழ வைக்கணுமாம்."

"போனைப் பாத்துக்கிட்டே படிச்சா கோழியும் வரும், குதிரையும் வரும்."

"போனைத்தான் நீங்க பீரோவுல வெச்சுப் பூட்டிட்டீங்களே!"

அது உண்மைதான். பூட்டி ஒரு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூலையில் சுருண்டு போனுக்குள் தலையை விட்டுக்கொள்ளும் மகளைத் திருத்துவதற்காக வந்த சட்டம் அது. போனுக்குப் பதில் புத்தகம். எதிர்த்துப் பேசினால் உடனே ஒரு பிரசங்கம் வரும்: "இந்த ஊர்ல என்னைவிட அதிகமாப் படிச்சவன் யாரு? காலையிலேந்து சாயங்காலம் வரைக்கும் எனக்குப் படிப்புதான்!" அதைக் கேட்டுக் கேட்டு, அவர் வாயைத் திறந்தாலே மனைவி சமையலறையிலிருந்து கூடச் சேர்ந்து சொல்வாள்.

அவருக்கு வேலை அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது, அதாவது அச்சுப்பிழை திருத்துவது. அவர் கண்ணுக்கு ஒரு புள்ளி தப்பாது. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். அதை அவர் ஒரு பட்டமாகவே வைத்துக்கொண்டிருந்தார்.

மகள் கையில் இருந்தது 'திரையை மூடு, ஏட்டைத் திற'. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் எழுதியது. திரை பார்ப்பதால் மூளை மழுங்கும், படிப்பதால் வளரும் என்று முந்நூறு பக்கத்துக்கு நிரூபித்திருந்தார். போன வருஷம் இவர்கள் அச்சகத்தில்தான் அச்சானது. எல்லாப் பள்ளி நூலகத்திலும் ஒரு பிரதி உண்டு. முன்னுரையில் புள்ளிக்காரருக்கு நன்றி வேறு: 'ஒவ்வோர் எழுத்தையும் படித்துச் செப்பனிட்டவர்.' அந்த வரியை மகள் வகுப்பு முழுக்கக் காட்டியிருந்தாள். அதனாலேயே நாளைக்குப் பேராசிரியர் தலைமையில் நடக்கும் வாசிப்பு விழாவில் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"கொண்டா, பாப்போம்."

பார்த்தார். ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பு 'முதல் சில வாரங்கள்'. அதில் ஒன்றும் குற்றமில்லை. அதற்குக் கீழேதான் கோழி நின்றது. குஞ்சு பொரித்தவுடன் எவ்வளவு சூடு வேண்டும், தண்ணீர்க் கிண்ணத்தை எங்கே வைக்க வேண்டும், தீவனத்தை எப்படிப் பொடிக்க வேண்டும் எல்லாம் விவரமாக இருந்தது. பேராசிரியரையோ படிப்பையோ எங்கும் காணோம்.

கன்னத்தில் நுரை காய்ந்தது.

"என்னப்பா இது?"

தப்பு என்று சொல்லிவிட்டால், அதை யார் பார்க்காமல் விட்டது என்று அடுத்த கேள்வி வரும். புள்ளிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உவமைம்மா. குழந்தையைத்தான் குஞ்சுன்னு சொல்றார். பல்புன்னா அறிவு."

"தீவனம்?"

"புஸ்தகம்."

மகளின் முகம் மலர்ந்தது. "அட, ஆமாப்பா!" என்று உள்ளே ஓடினாள். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. மனைவி சிரித்தால் கையில் இருப்பதைக் கீழே போடுவாள்.

அச்சகத்துக்குப் போனதும் புள்ளிக்காரர் நேராகப் பைண்டரிடம் போனார். பழைய புரூஃப் கட்டுகள் அவர் மேஜைக்கு அடியில்தான் கிடக்கும். தூசி தட்டி எடுத்தால், ஏழாம் அத்தியாயம், அதே கோழி. போன வருஷம் ஒரே வாரத்தில், ஒரே பையில், பேராசிரியர் வீட்டிலிருந்து இரண்டு கையெழுத்துப் பிரதிகள் வந்திருந்தன. ஒன்று இது. இன்னொன்று 'வீட்டுக் கோழி வளர்ப்பு'. "நமக்குத் தெரிஞ்சவங்க எழுதினது, பேரெல்லாம் போட வேணாம்" என்று பேராசிரியர் அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எழுத்துக் கோத்தவர் இரண்டு ஏழாம் அத்தியாயங்களையும் இடம் மாற்றிவிட்டார்.

அது அவருடைய தப்பு. ஆனால் அந்தப் பக்கத்தில் ஓரிடத்தில் 'கொழி' என்று இருந்ததைச் சிவப்பு மையில் சுழித்து, 'கோழி' என்று திருத்தியிருந்தது புள்ளிக்காரரின் கை. கீழே 'படித்தேன், சரி' என்று கையெழுத்தும் போட்டிருந்தார்.

"எல்லாப் பிரதியிலயுமா இப்படி?" என்றார் மெதுவாக.

"எல்லாத்துலயும்தான்," என்றார் பைண்டர். "அப்ப அந்தக் கோழிப் புஸ்தகத்துல என்ன இருக்கும்? கோழிக்குத் தினம் ஒரு மணி நேரம் படிச்சுக் காட்டணும்னு இருக்குமோ?"

"சிரிக்காதய்யா. யாருமே வந்து கேக்கலையா?"

"இந்தப் புஸ்தகத்துக்கா? ஒருத்தரும் கேக்கலை. பாராட்டுதான் குவியுது. கோழிப் புஸ்தகத்தை எழுதினவங்க மட்டும் ஒரு தடவை போன் பண்ணாங்க, ஒரு அம்மா. 'என் ஏழாம் அத்தியாயம் எங்கே?'ன்னு கேட்டாங்க. தேடிப் பாக்கறேன்னேன். என்ன நினைச்சாங்களோ, 'சரி, பரவாயில்ல'ன்னு வெச்சுட்டாங்க. நானும் மறந்துட்டேன்."

"முதலாளிக்குத் தெரியுமா?"

"அவரு என்னிக்கு சார் புஸ்தகத்தைத் திறந்தாரு?"

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு புள்ளிக்காரர் சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பேனா இல்லாமல் அவர் ஒரு பக்கத்தைப் படித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எழுத்தைத்தான் பார்ப்பார், அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருப்பது காதில் விழாது. இன்று விழுந்தது. பொறுமையான குரல்.

'மூலையில் ஒதுங்கி நிற்கும் குஞ்சை விரட்டாதீர்கள். அதற்கு நோயில்லை, குளிர். விளக்கைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்துங்கள். பிறகு அங்கேயே சற்று நேரம் இருங்கள்.'

அவருக்கு மகள் மூலையில் சுருண்டிருந்த மாலைகள் நினைவுக்கு வந்தன. விரட்டத்தான் செய்தார். போனைப் பிடுங்கினார், புத்தகத்தைத் திணித்தார். பக்கத்தில் உட்காரவில்லை. வெட்கமாக இருந்தது. சாப்பாட்டு டப்பாவை அன்று அவர் திறக்கவே இல்லை.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது மகள் பேச்சைத் தயார் செய்து முடித்திருந்தாள். பேச்சு முழுக்க ஏழாம் அத்தியாயம்தான்.

"மத்ததையும் சேர்த்துக்கயேன்," என்றார்.

"மத்ததெல்லாம் அறுவைப்பா."

வேறு வழி தெரியாமல் பீரோவைத் திறந்து போனை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இதுல பேராசிரியரோட பேட்டியெல்லாம் இருக்குமே. அதைப் பாத்துட்டுப் பேசேன்."

மகள் போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையாப்பா?"

"இல்லம்மா, சுருக்கமா இருக்குமேன்னு..."

"படிச்சாத்தான் மனசுல நிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? நின்னுடுச்சுப்பா. இனிமே எடுக்க முடியாது."

அவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் முழுப் பேச்சையும் சொல்லிக் காட்டினாள். நடுவில் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அது உவமை இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

மறுநாள் விழா தொடங்கும் முன்பே தலைமையாசிரியையின் அறைக்குப் போய்விட்டார்.

"மேடம், என் பொண்ணுக்குத் தொண்டை கட்டியிருக்கு. இன்னிக்குப் பேச வேணாமே."

தலைமையாசிரியை உருகிப்போனார். "எவ்வளவு அக்கறையான அப்பா! கவலைப்படாதீங்க. தொண்டை மோசமாகறதுக்குள்ள முதல் ஆளாப் பேசிடட்டும். நல்ல மைக்கா குடுக்கச் சொல்றேன். நீங்களும் முன் வரிசையில உக்காருங்க."

முன் வரிசையில் ஒரு பக்கம் முதலாளி. மறுபக்கம் பேராசிரியரின் மனைவி. சாதாரணப் பருத்திப் புடவை, மடியில் ஒரு துணிப்பை. மேடையில் பேராசிரியர் மாலையுடன் அமர்ந்து, மேஜைக்கு அடியில் போனைத் தடவிக்கொண்டிருந்தார். ஆசிரியைகள் எல்லோரும் படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். திரையை மூடச் சொன்ன புத்தகத்துக்கு நல்ல வெளிச்சம்.

மகள் பேசினாள். பல்பு, சூடு, தீவனம் எல்லாம் வந்தன. அடக்கிய சிரிப்பு ஒன்று பின் வரிசையில் கிளம்பிப் பாதியிலேயே நின்றது. "மூலையில ஒதுங்கி நிக்கிற குஞ்சை விரட்டாதீங்க," என்று அவள் சொல்லி, முன் வரிசையில் அப்பாவைத் தேடிப் பார்த்தாள். கூடத்தில் தூக்கிப் பிடித்த போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஒரு ஆசிரியை மூக்கை உறிஞ்சினார்.

புள்ளிக்காரர் மேடையைப் பார்த்தார். இப்போது பேராசிரியர் எழுந்து, 'இதை நான் எழுதவே இல்லையே' என்பார். முதலாளி இவர் பக்கம் திரும்புவார். வேலை போகும். அது போனால் போகட்டும், மகள் மேடையில் நின்று அவரைப் பார்ப்பாளே, அந்தப் பார்வையை என்ன செய்வது?

பேராசிரியர் எழுந்தார். போனைப் பைக்குள் போட்டார். மைக்கைப் பிடித்தார்.

"அந்த ஏழாம் அத்தியாயம்," என்று நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை எழுதி முடிச்ச அன்னிக்கு நான் குழந்தை மாதிரி அழுதேன். என் வாழ்நாள்ல நான் எழுதினதுலயே உயர்ந்த பக்கங்கள் அதுதான்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தானே முதலில் கண்டுபிடித்ததுபோல முதலாளி பலமாகத் தட்டினார். புள்ளிக்காரரும் தட்டினார். வீட்டுக்குப் போகும் வழியில் மகளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார். அவள் சிரிப்பாள், அப்புறம் கோபித்துக்கொள்வாள். பரவாயில்லை.

"நீங்கதானே புரூஃப் பாக்கிறவர்?"

பக்கத்து இருக்கையிலிருந்து பேராசிரியரின் மனைவிதான் கேட்டார். கண்கள் மேடையிலேயே இருந்தன. கையும் தட்டிக்கொண்டே இருந்தது.

"ஆமாம்மா," என்றார் புள்ளிக்காரர்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் என் எழுத்தை அவர் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காரு, அடுத்த பதிப்புலயும் திருத்திடாதீங்க."