ஒரேயொரு மண்டபம்

"தம்பி, எனக்கு இருக்கிறது எத்தினை மண்டபம்?"

போனில் ஜனார்த்தனின் குரல் மிக அமைதியாக வந்தது. எப்போதும் கத்துகிற மனிதர் அமைதியாகக் கதைத்தால் விசயம் பெரிது என்று சஞ்சீவனுக்குத் தெரியும்.

"ஒண்டு, அண்ணை."

"அப்ப ஏன் உம்மட கம்பியூட்டர் புரோகிராம் ஜூன் மாசம் ஒரே சனிக்கிழமைக்கு ரெண்டு கலியாணத்தைப் பதிஞ்சு வைச்சிருக்கு?"

சஞ்சீவன் ஜன்னலைப் பார்த்தான். அவனும் அம்மாவும் கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினெட்டாம் மாடியில் இருந்தார்கள். ஏரியிலிருந்து எழும்பி வந்த மூடுபனி பக்கத்துக் கட்டடங்களின் கீழ்ப்பாதியை விழுங்கிவிட்டிருந்தது. மேல்மாடிகள் மட்டும் வெள்ளைக்குள் மிதந்தன. அவற்றில் ஒன்று மெல்ல மெல்ல நகர்கிறதோ என்று அவனுக்கு ஒரு சந்தேகம்.

"தம்பி, லைனில நிக்கிறீரோ?"

"ஓம் அண்ணை, பாத்துக்கொண்டிருக்கிறன்."

"எதை?"

அதை எப்படிச் சொல்வது?

சஞ்சீவன் இப்படித்தான். கெட்டிக்காரன், பொய் பித்தலாட்டம் இல்லாதவன். ஆனால் ஆள் எப்போதும் பாதிதான் இங்கே இருப்பான். மிசிசாகாவில் நல்லதொரு வேலை கிடைத்தது. மீற்றிங் நடக்கிற அறையிலிருந்து பார்த்தால் விமானங்கள் இறங்குவது தெரியும். போயிற்று அந்த வேலை. அதற்குப் பிறகு கிடைத்த ஒஃபிசில் ஜன்னலே இல்லை. அங்கே ஒரு மீன்தொட்டி இருந்தது.

இதையெல்லாம் அவன் காதலிக்கிற ஸ்டெபனியின் அப்பா எட்வேட் அறிவார். மன்னாரிலிருந்து வந்து ஸ்ரௌவ்வில்லில் சொந்த வீடு வாங்கி, முன்முற்றத்துப் புல்லைத் தானே வெட்டுகிற மனிதர். மகள் காதலைச் சொன்னபோது அவர் மதத்தைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அவன் ஒரு வேலையையாவது எடுத்து முழுசா முடிச்சுக் காட்டட்டும். பிறகு கதைப்பம்" என்றார். சஞ்சீவனின் அம்மா தங்கேஸ்வரி அதைக்கூடச் சொல்லவில்லை. வேதக்காரப் பெட்டை, அதாவது கிறிஸ்தவப் பிள்ளை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து கலியாணப் பேச்சை எடுத்தால் மனிசி எழும்பிப்போய்ப் பாத்திரம் கழுவினார். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினார்.

ஆகவே ஸ்காபரோவில் இருந்த ஜனார்த்தனின் கலியாண மண்டபத்துக்குப் புரோகிராம் எழுதுகிற வேலைதான் சஞ்சீவனின் கடைசி நம்பிக்கை. இதை ஒழுங்காக முடித்தால் ஸ்டெபனி. முடிக்காவிட்டால் மூடுபனியும் பாத்திரச் சத்தமும்தான்.

பிழையைக் கண்டுபிடிக்க அவனுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. ஒரு மண்டபம் எப்படி இருக்கவேண்டும் என்கிற விபரத்தைக் கிளாஸ் என்று எழுதி வைப்பார்கள். அதை வைத்து 'நியூ' என்று ஒரு சொல் போட்டால் கம்பியூட்டருக்குள் ஒரு மண்டபம் எழும்பும். அதற்கு ஒப்ஜெக்ட் என்று பெயர். போனில் பதிகிற ஒஃபிஸ் ஒரு கிளாஸ், ஆட்கள் தாங்களே பதிகிற வெப்சைற் ஒரு கிளாஸ், குசினி ஒரு கிளாஸ். நம்முடைய ஆள் மூன்றுக்குள்ளும் 'நியூ' என்று போட்டு மூன்று மண்டபங்களைக் கட்டியிருந்தான். ஒஃபிசின் மண்டபத்தில் ஒரு கலியாணம் பதிவாகியிருந்தது. வெப்சைற்றின் மண்டபமோ, "சனிக்கிழமை நான் சும்மாதான் இருக்கிறேன், வாருங்கோ" என்று இன்னொரு கலியாணப் பகுதியைக் கூப்பிட்டிருந்தது.

இரண்டு பகுதிக்கும் அந்தச் சனிக்கிழமையைக் காட்டியதும் புரோகிராம்தான். நல்லநாட்களைக்கூட அதற்குள் எழுதி வைத்திருந்தான். ஊரில் எந்தக் கிழமையிலும் வந்த முகூர்த்தம், கனடாவுக்கு வந்தபிறகு சனி ஞாயிறுகளில் மட்டும்தானே வருகிறது.

"ஆரண்ணை அந்த ரெண்டு பகுதியும்?" என்று கேட்டான்.

"உமக்கேன் அது? ஒண்டு சைவக்காரர், மற்றது வேதக்காரர். அவ்வளவும் போதும். பேரெல்லாம் நடாஷாவோட இருக்கு."

ஜனார்த்தன் இதில் மகா கண்டிப்பு. கலியாண விசயம் முற்றாகும்வரை வெளியில் மூச்சு விடக்கூடாது, கண்ணூறு படும் என்பார். அதனால் முன்மேசையில் இருக்கிற நடாஷாவைத் தவிர வேறு ஒருவருக்கும் பெயர் தெரியாதபடி எழுதச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை, பொம்பிளை பெயர்களை நடாஷாகூடக் கேட்பதில்லை. வாசலில் வரவேற்புப் பலகை எழுதுகிறபோது கேட்டால் போதும். சஞ்சீவனின் திரையில் தெரிந்ததெல்லாம் முதலாம் பகுதி, இரண்டாம் பகுதி என்பதுதான்.

"ஒரு பகுதியோட நான் மெல்லக் கதைச்சு வேற நாளுக்கு மாத்துறன். அதுவரைக்கும் ரெண்டு பகுதிக்கும் தெரியக்கூடாது. இனிமேல் இப்பிடி வராமச் செய்யும்."

"செய்யிறன் அண்ணை."

செய்தான். ஒரேயொரு மண்டபத்தைக் கட்டி, அதையே மூன்று கிளாசுக்கும் கையில் கொடுத்தான். இனி ஒஃபிஸ் தொட்டாலும் அதே மண்டபம், குசினி தொட்டாலும் அதே மண்டபம். ஸ்ரீற்கார் என்கிற தெரு ரயிலில் மடியில் லப்ரொப்பை வைத்துக்கொண்டுதான் இந்த வேலை நடந்தது. வெளியே பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு கிழவனும் கிழவியும் ஒரே போர்வையை முழங்காலில் போட்டுக்கொண்டு நித்திரை. ஒன்றைப் பகிர்ந்துகொள்வது எவ்வளவு அழகான விசயம் என்று நினைத்தான் சஞ்சீவன். நினைத்தவன் அதோடு நின்றிருக்கலாம். அந்த மயக்கத்தில் 'விழா' என்கிற ஒப்ஜெக்டையும் ஒன்றாக்கி, அந்தச் சனிக்கிழமைக்காரர் எல்லோருக்கும் அதையே கொடுத்துவிட்டு, இறங்கவேண்டிய இடம் தாண்டி இறங்கினான்.

மூன்றாம் நாள் நடாஷா எடுத்தாள். கனடாவில் பிறந்த பிள்ளை, லேசில் பதறமாட்டாள்.

"அண்ணை, சம்திங் வியர்ட். ஒரு பார்ட்டி மட்டனைக் கட் பண்ணினா மற்றப் பார்ட்டிக்கும் மட்டன் இல்லாமப் போகுது. அவை திரும்பப் போட்டா இவைக்கு வருது. மோர்னிங்கில இருந்து மட்டன் வந்து வந்து போகுது."

சஞ்சீவன் திறந்து பார்த்தான். ஐயோ கடவுளே! சாப்பாடு, சோடனை எல்லாவற்றையும் ஆட்கள் தங்கள் போனிலேயே மாற்றலாம் என்று அவன்தான் பெருமையாகச் செய்து கொடுத்திருந்தான். இப்போது இரண்டு பகுதியும் ஒரே விழாவை ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். மணவறைக்கு மேலே கேக் வந்திருந்தது. வைனுக்குப் பக்கத்தில் பாயாசம். நாதஸ்வரக் கோஷ்டிக்கும் பான்ட் கோஷ்டிக்கும் ஒரே மேடை.

எல்லாவற்றுக்கும் கீழே 'விசேட குறிப்பு' என்று ஒரு பெட்டி இருந்தது. அதுவும் ஒன்றுதான். அதற்குள் யுத்தமே நடந்திருந்தது.

'கலியாணச் சாப்பாட்டில மட்டன் போட்டது ஆர்? சிவசிவா.'

'நான்தான் போட்டது. மட்டனை எடுத்தது ஆர்?'

'எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. மரக்கறிதான்.'

'எனக்கும் ஒரே பிள்ளைதான். மட்டன்தான்.'

'முதலில நீர் ஆரெண்டு சொல்லும்.'

'காசு கட்டினவன். நீங்கள் ஆர்?'

அன்று பின்னேரம் சஞ்சீவன் சோபாவில் விழுந்து கிடந்தபோது அம்மா வந்து பக்கத்தில் இருந்தார். கையில் போன். முகத்தில் ஒரு கடுகடுப்பு. அம்மா மட்டக்களப்பை விட்டு எத்தனையோ வருசம், பேச்சு மட்டும் இன்னும் அங்கேயேதான் இருந்தது.

"மனே, இந்த வேதக்காரர் மட்டன் இல்லாமக் கலியாணம் செய்யவே மாட்டாங்களா?"

ஸ்டெபனியைப் பற்றித்தான் குத்துகிறார் என்று எடுத்துக்கொண்டான். "அம்மா, இப்ப எனக்குத் தலையிடி."

"எனக்கும்தான்," என்று சொல்லிவிட்டு அம்மா பாத்திரம் கழுவப் போனார்.

ஸ்டெபனிக்கு எடுத்தால் அவளும் நல்ல செய்தி சொல்லவில்லை. "அப்பாக்கு என்ன மூட் எண்டு தெரியேல்லை. ஃபோனைப் பாத்து ஆரையோ திட்டுறார். நீங்கள் அந்த ஹோல் வேலையை முடிச்சிட்டீங்கள்தானே, சஞ்சீ?"

"முடியிது."

"ப்ளீஸ். நான் இனி அவரோட சண்டை பிடிக்க ஏலாது. டயர்ட் ஆயிட்டன்."

அவளுடைய குரல் உடைந்தது. இந்தப் பிள்ளையை இழந்துவிடுவேனோ என்கிற பயம் அன்றுதான் அவனை உண்மையில் பிடித்தது. நாளைக்கே இரண்டு பகுதியையும் பிரித்துவிடவேண்டும் என்று முடிவு எடுத்தான்.

திட்டம் சுலபம். இரண்டாம் பகுதியின் விழாவை அழிப்பது. பிறகு புதிதாக ஒரு விழாவை உண்டாக்கி அவர்களிடம் கொடுப்பது. காலைத் தேத்தண்ணியோடு இருந்து இரண்டாம் பகுதியின் விழாவை அழித்தான்.

முதலாம் பகுதியின் விழாவும் போய்விட்டது.

போகாமல் என்ன செய்யும்? இரண்டு பேர் கையிலும் இருந்தது ஒன்றுதானே! புரோகிராம் மட்டும் தன் கடமையில் தவறவில்லை. உடனேயே இரண்டு பகுதிக்கும் செய்தி அனுப்பியது: 'உங்கள் திருமண விழா ரத்துச் செய்யப்பட்டது. மீண்டும் உங்களைச் சந்திக்க ஆவலாக உள்ளோம்.' கீழே ஒரு பூச்செண்டுப் படம். அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டதும் சஞ்சீவன்தான்.

தேத்தண்ணி ஆறுவதற்குள் ஜனார்த்தன் எடுத்தார். இந்தமுறை கத்தினார். கேட்க ஆறுதலாகக்கூட இருந்தது.

"ரெண்டு பகுதியும் இப்ப நேரில வருகினம்! நீர் வந்து அவையின்ரை காலில விழும்! அதோட உமக்கும் எனக்கும் ஒண்டுமில்லை, விளங்கிச்சோ?"

"விளங்குது அண்ணை."

ஸ்டெபனிக்கு எடுத்துச் சொன்னான். "அப்பாக்கு நான் என்னெண்டு சொல்ல?" என்று மட்டும் கேட்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. அவனும் அழுதான். அம்மாவிடமாவது சொல்லிவிட்டுப் போவோம் என்று பார்த்தால் அம்மா வீட்டில் இல்லை. கோயிலுக்குப் போயிருக்கவேண்டும்.

சப்வே ரயிலில் போய், பிறகு பஸ் எடுத்தான். மூடுபனி இன்னும் விலகவில்லை. பஸ் ஜன்னலுக்கு வெளியே கடைகள், பெற்றோல் ஸ்ரேஷன், மரங்கள் எல்லாம் அரைகுறையாக வந்து அரைகுறையாகப் போயின. ஒரு கட்டத்தில் பனிக்குள் ஒரு மணவறை தெரிந்தது. அதற்கு மேலே ஒரு கேக். ஸ்டெபனி கூறைச்சேலையோடு முகத்தில் வெள்ளைத் திரையும் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். நாதஸ்வரமும் பான்டும் ஒரே பாட்டை வாசித்தன, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. சஞ்சீவன் தன்னை அறியாமல் சிரித்தான். அப்புறம்தான் தான் எங்கே போகிறேன் என்பது ஞாபகம் வந்தது. நல்லகாலம், இந்தமுறை சரியான இடத்தில் இறங்கினான்.

மண்டபத்துக் கார்ப்பார்க்கில் நின்று முகத்தைத் துடைத்தான். என்ன சொல்வது? அன்ரி, அங்கிள், பிழை என்ரைதான். உங்கட பிள்ளைகளின்ரை சந்தோசத்தை நான் கெடுத்துப்போட்டன். எனக்கும் ஒரு கலியாணம் நடக்க இருந்தது, அது இனி நடக்காது. அதை வைச்சாவது என்னை மன்னியுங்கோ.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். முன்மேசையில் நடாஷா இருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த ஒஃபிஸ் அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து "மட்டன்" என்றும் "மரக்கறி" என்றும் அமுங்கிய சத்தம் வந்தது. பிறகு இரண்டு குரல்கள் ஒன்றாகச் சிரித்தன. கோபம் முற்றிச் சனத்துக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தான் சஞ்சீவன்.

"நடாஷா, ரெண்டு பகுதியும் வந்திட்டினமோ?"

"ஓம்." அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"சரியான கோவமோ?"

"ஃபர்ஸ்ட் கோவமாத்தான் வந்தவை. ஆனா கான்சல் ஆனபடியால் திருப்பிப் பதியவேணும் எண்டு வாசல் போர்ட் எழுதுறதுக்கும் சேத்து மாப்பிள்ளை பொம்பிளை பேரைக் கேட்டனான். அண்ணை, ரெண்டு பார்ட்டியும் பொம்பிளை ஸ்டெபனி எண்டினம், மாப்பிள்ளைக்கு உங்கட பேரைத்தான் சொல்லினம்."