வாசல் வைத்த வத்தை

வன்னியில் அந்த நாட்களில் மூளை கலங்காத மனிதர் என்று ஒருவரும் இருந்ததில்லை. அப்படி ஒருவர் இருந்திருந்தால் அவருக்குத்தான் வைத்தியம் பார்த்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஓவசியருக்குக் கலங்கியதுபோல அளந்து, மட்டம் பிடித்து, நல்ல நேரம் பார்த்து வேறு எவருக்கும் கலங்கியதாக நான் அறியேன். வீட்டு வாசல் நிலை ஒன்றைச் சைக்கிளில் வைத்துக் கட்டி, அதற்குப் பொருத்தமான வள்ளம் தேடி முல்லைத்தீவுக் கரையெல்லாம் உருட்டித் திரிந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். சைக்கிள் என்னுடையது. அதனால் அந்தச் சாதனையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

ஓவசியர் என்பது அவர் பார்த்த உத்தியோகம். பெயர் என்று ஒன்று இருந்திருக்கும், நான் கேட்டதில்லை. குளக்கட்டும் வாய்க்காலும் கட்டுவித்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத்து ஆள். கிளிநொச்சியில் காணி கிடைத்து, வயல் செய்து, கல்வீடு கட்டி, இனி அசைவதில்லை என்று காலை நீட்டியிருந்தார். தொண்ணூற்றாறில் ஆமி கிளிநொச்சியைப் பிடிக்க வந்து எல்லாரோடும் சேர்த்து அவரையும் அசைத்துவிட்டது. மற்றவர்கள் நெல்மூட்டையும் தையல் மெசினும் ஏற்றிய லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் இவர் முதிரை மரத்தில் செய்த வாசல் நிலையையும் கதவையும் கழற்றி ஏற்றினார். அக்கராயனில் மண்வீடு கட்டி அந்த வாசலை வைத்தார். அங்கும் ஆமி அடித்த செல் விழுந்து வெடித்தது. துணுக்காயில் கிடுகு வீடு கட்டினார். வீட்டைவிட வாசல் உயரம். கூரைக்கு மேலால் நிலை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. கேட்டவர்களுக்கு, "வீடு பிறகு வளரும்" என்று சொன்னாராம். அது வளர முன்னரே துணுக்காயையும் விட்டு ஓட வேண்டி வந்தது.

நான் அவரைக் கண்டது அதற்குப் பிறகு, முல்லைத்தீவுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில். நான் பூவரசங்குளத்திலிருந்து ஓடி வந்த தனிக்கட்டை. நான் வேலை பார்த்த கந்தோரும் ஓடி வந்து ஒரு மாட்டுக்கொட்டிலில் நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் பெண்களும் பிள்ளைகளும் வகுப்பறைகளுக்குள், ஆண்கள் வெளியே மரங்களுக்குக் கீழே என்று பிரித்து விட்டிருந்தார்கள். பாலைமரம் ஒன்றின் கீழ் ஒரு தறப்பாள் கட்டி அதற்குள் ஓவசியரும் நானும். நட்டநடுவே கதவோடு நிலை.

அவருடைய மனைவியை எல்லாரும் ஓவசியர் அம்மா என்போம். கலியாணம் கட்டிய நாள் முதல் அவர்கள் இருவரும் ஒரு நாள்கூடப் பிரிந்திருந்ததில்லையாம். இப்போது கஞ்சி வாங்கும் வரிசையில்தான் குடும்பம் நடத்தினார்கள்.

"குடிச்சிட்டியளோ?"

"ஓம். நீர்?"

"ஓம்."

இவ்வளவுதான் தாம்பத்தியம். ஒரு கொட்டில் போட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று கேட்பீர்கள். போடத்தான் நினைத்தார். அந்த அம்மா மறுத்துவிட்டா. துணுக்காயை விட்டு வரும்போது நடு ரோட்டில் குந்தியிருந்து அவா சொன்னது இது: "இனி எனக்கு வீடு வேண்டாம். இன்னொரு வீட்டை விட்டுட்டு வர எனக்குச் சீவன் இல்லை." சொன்னதோடு சரி. வகுப்பறைச் சுவரில் சாய்ந்து, பேச்சும் குறைந்து, சாப்பாடும் குறைந்து, பார்க்கப் பார்க்க வற்றிக்கொண்டு வந்தா. ஓவசியர் தறப்பாளுக்குள் இருந்தபடி அந்த வகுப்பறை யன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது, மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பேன்.

ஒருநாள் பின்னேரம் மனிதர் திடுக்கென்று எழும்பி இருந்தார்.

"தம்பி, பிழை எங்கை எண்டு பிடிச்சிட்டன்."

"எந்தப் பிழை ஐயா?"

"வீடு ஓடாது. அதாலைதான் நாங்கள் ஓடவேண்டிக் கிடக்கு. வீடும் எங்களோடை வருமெண்டா மனிசி என்னத்தை விட்டுட்டு வரப்போறா?"

அந்தத் தர்க்கத்தில் எங்கே ஓட்டை என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த நாளே வள்ளம் பார்க்கப் புறப்பட்டோம்.

கடலில் இறங்கினால் நேவியின் வெடி விழும் காலம். கரையெல்லாம் வள்ளங்கள் வேலையில்லாமல் கிடந்தன. வாங்க ஆள் வந்தால் விற்பவர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் வாங்க வந்தவர் சட்டைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுப்பார் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. முதலில் காட்டியது ஒரு கட்டுமரம். ஓவசியர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு உள் எண்டு ஒண்டு இல்லையே" என்றார். அடுத்தது பைபர் போட். படுக்க இடம் காணுமோ என்று அதற்குள் இறங்கி மல்லாந்து படுத்து, நெஞ்சில் கையைக் கட்டி, கண்ணையும் மூடிவிட்டார். வள்ளக்காரரின் மனைவி சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஓடினா. மூன்றாவது வள்ளம் தண்ணீரில் நின்றது. அதன் நடுப்பலகையில் ரசமட்டத்தை வைத்துவிட்டுக் குமிழி நிற்கும் என்று காத்திருந்தார். குமிழி அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே இருந்தது.

"தளம் மட்டமில்லை" என்று தீர்ப்புச் சொன்னார்.

"கடலே மட்டமில்லை ஐயா" என்றான் வள்ளக்காரன்.

"அக்கினி மூலை எது?"

"என்ன மூலை?"

"குசினி வைக்கிற மூலை."

வள்ளக்காரன் என்னைப் பார்த்தான். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

இப்படிக் கரை கரையாக அவமானப்பட்டு, நாங்கள் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் ஒரு சம்மாட்டியாரின் வளவு. ஒரு காலத்தில் பல வள்ளங்களும் கரைவலையும் வைத்து ஆட்களுக்கு வேலை கொடுத்த மனிதர். இப்போது வேலையும் இல்லை, சிரிப்பும் இல்லை. வளவின் பின்பக்கம், நந்திக்கடல் என்ற கடலேரி ஓரம், முன்பு உப்பும் நெல்லும் ஏற்றிய, வத்தை என்கிற அகலமான பழைய வள்ளம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதற்குக் கீழே ஆடுகள் குடியிருந்தன. ஓவசியர் ஆடுகளுக்கு வழிவிட்டு உள்ளே குனிந்து போனார். பலகைகளைக் கையால் தட்டிக் கேட்டார். நிலையை உருட்டிக்கொண்டு வரச் சொல்லி வத்தையின் அகலத்தோடு வைத்துப் பார்த்தார். அளந்து வெட்டியதுபோல இருந்தது. மனிதரின் கண் கலங்கிவிட்டது.

சம்மாட்டியார் நேர்மையான ஆள். "ஐயா, உது கடலுக்குப் போகாது" என்றார்.

"எனக்குப் போகத் தேவையில்லை. நிண்டாப் போதும்."

"நிக்கிறதும் ஐமிச்சம்."

என்ன விலைக்குப் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஓவசியர் கலியாண மோதிரம் இல்லாத விரலோடு திரும்பி வந்தார். அந்த விரலை மனைவிக்குத் தெரியாமல் மறைக்கக் கஞ்சி வரிசையில் கையைச் சாரத்துக்குள் சொருகிக்கொண்டே நின்றார்.

சம்மாட்டியாரின் ஆட்கள் பலகை இடுக்குகளுக்குப் பஞ்சு அடித்து, குங்கிலியம் பூசி, மேலே கிடுகால் கூரை போட்டு, முன்னால் அந்த முதிரை நிலையையும் கதவையும் வைத்து முடித்தார்கள். பக்கங்கள் இரண்டும் திறந்த வெளி. வாசலுக்கு மட்டும் பூட்டுத் திறப்போடு கதவு. பிறகு தண்ணீரில் விடுகிற விஷயத்தில் சண்டை வந்தது.

"தீர்த்தம் தெளிக்காத வள்ளத்தை நான் தண்ணியிலை விடன்" என்றார் சம்மாட்டியார்.

"நேரம் பாக்காத வீட்டுக்கு நான் குடிபோகன்" என்றார் ஓவசியர்.

முடிவில் இரண்டும் நடந்தன. மாதா கோயில் சுவாமியார் வந்து தீர்த்தச் செம்போடு கரையில் நிற்க, ஓவசியர் கும்பிட்டபடி, "குறை நினையாதேங்கோ சுவாமி, இராகுகாலம் முடிய இன்னும் கொஞ்சம் கிடக்கு" என்றார். நல்ல மனிதர் அந்தச் சுவாமியார். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு இராகுகாலம் முடியும்வரை நின்றார்.

வத்தை மிதந்தது. மிதந்ததும் காற்றுக்கு மெல்லத் திரும்பியது. ஓவசியர் பதறிப்போனார். கிழக்குப் பார்த்த வாசல் வடக்கைப் பார்த்தது. பிறகு மேற்கைப் பார்த்தது. அக்கினி மூலையில் வைத்த அடுப்பு ஊர்வலம் போனது. உடனே நாலு மரக்குற்றிகளைத் தண்ணீருக்குள் அடிப்பித்து, நாலு மூலையையும் அவற்றோடு இறுக்கிக் கட்டுவித்தார். ரசமட்டம் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. வாழ்நாளில் அவர் அவ்வளவு பெருமையாகச் சிரித்து நான் கண்டதில்லை.

"ஒரு கயிறு, அதுவும் முன்னுக்கு மட்டும் கட்டுங்கோ ஐயா" என்றார் சம்மாட்டியார். "வள்ளமெண்டா ஆட வேணும். ஆடாட்டித்தான் பயம்."

"ஆடி ஆடித்தானே இவ்வளவு காலமும் வந்தம்" என்றார் ஓவசியர்.

கஞ்சி வரிசையில் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். "இஞ்சாரும், இனி வீட்டை விட்டுட்டு வரத் தேவையில்லை. அவிட்டுக்கொண்டு போகலாம்."

அவா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தா. "உங்களுக்கு நீந்தத் தெரியுமே?"

"இல்லை. அங்கை இடுப்பளவு தண்ணிதான்."

"அப்ப சரி" என்றா அந்த அம்மா. பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தா.

குடிபூரலுக்குப் பால் காய்ச்சினார்கள். பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று பார்ப்பது வழக்கம். சம்மாட்டியாரின் ஆட்கள் ஆர்வம் தாங்காமல் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏறியதில், கட்டியிருந்த வத்தையும் ஒரு குலுங்குக் குலுங்கியது. பால் நாலு பக்கமும் கொட்டி அடுப்பும் அணைந்தது.

"எந்தப் பக்கம் பொங்கினது?" என்று கேட்டா ஓவசியர் அம்மா.

"எல்லாப் பக்கமும்" என்றார் ஓவசியர் பெருமையாக.

"அப்ப எல்லாப் பக்கமும் ஓட வேண்டி வரும்" என்றா அவா. சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. அவா சிரித்ததை அன்றுதான் முதலில் கண்டேன்.

கொஞ்ச நாட்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். அவா இறால் குழம்பு வைத்தா. முகத்தில் சதை போட்டது. யார் போனாலும் திறந்த பக்கத்தால் ஏற ஓவசியர் விடமாட்டார். இடுப்பளவு தண்ணீருக்குள் சுற்றிப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அவர் உள்ளேயிருந்து, "ஆரது?" என்று கேட்பார். எதிரே நிற்பவர் அவருக்கு முழுதாகத் தெரிந்துகொண்டிருப்பார். ஆனாலும் பெயர் சொன்னால்தான் திறப்பார். நனைந்த சாரத்தோடு பெயர் சொல்லிக்கொண்டு நான் பல நாள் நின்றிருக்கிறேன்.

பிறகு மாரி வந்தது. விடாமல் பெய்தது. மேட்டு நிலத்து வெள்ளமெல்லாம் நந்திக்கடலுக்குள் இறங்க, தண்ணீர் கடலுக்குள் வடிகிற முகத்துவாரமும் இன்னும் வெட்டாமல் கிடக்க, தண்ணீர் மளமளவென்று ஏறியது. மற்ற வள்ளங்கள் தண்ணீரோடு சேர்ந்து ஏறின. ஓவசியரின் வத்தை ஏறவில்லை. எப்படி ஏறும்? நாலு மூலையும் இறுக்கிக் கட்டியிருந்ததே. நானும் சம்மாட்டியாரும் விடிய ஓடிப்போய்ப் பார்த்தபோது தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வழிந்துகொண்டிருந்தது. ஊறிய முடிச்சுகள் அவிழவில்லை. கத்தி எடுத்துக்கொண்டு சம்மாட்டியார் நீந்திப் போவதற்குள் அது கட்டியபடியே, ஒரு பக்கமும் சாயாமல், மட்டமாகத் தாழ்ந்தது. கூரை பிய்ந்து மிதந்தது. நெஞ்சளவு தண்ணீரில் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் வாசல் நிலை மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. கிழக்கைத்தான் பார்த்தது.

திரும்பவும் பள்ளிக்கூடம். அம்மா வகுப்பறைக்குள், அவர் தறப்பாளுக்குள். நிலையைப் போய் எடுத்துவருவோமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். நீர்க்காகங்கள் அதில் இருந்து சிறகு காய வைப்பதாகச் சம்மாட்டியார் வந்து சொன்னார். அதற்கும் ஓவசியர் சிரிக்கவில்லை. கஞ்சிக்கும் எழும்பவில்லை. சாய்ந்தால் எழும்பமாட்டார் என்று எனக்குப் பயம் பிடித்தது.

"மிஞ்சின தண்ணி வழிஞ்சோட ஒவ்வொரு குளத்துக்கும் வான் வைச்சவன் நான் தம்பி" என்றார் ஒருமுறை. "தண்ணி ஏறும் எண்டு எனக்குத் தெரியாதோ? வீடெண்டு நினைச்ச உடனை எல்லாம் மறந்துபோச்சு."

அந்த ஊரில் ஆருக்கு ஆர் ஆறுதல் சொல்வது?

அடுத்த நாள் பின்னேரம், மழை தூறிக்கொண்டிருக்க, வகுப்பறையிலிருந்து ஓவசியர் அம்மா வெளியே வந்தா. கையில் சுருட்டிய பாய். வெற்று முற்றத்தைக் கடந்து, எல்லா யன்னல்களிலும் தலைகள் முளைத்துப் பார்க்கப் பார்க்க, நேராகத் தறப்பாளுக்கு வந்தா.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் தள்ளி அரக்குங்கோ."

ஓவசியர் வாயைத் திறந்தபடி இருந்தார். "உது ஒழுகும்" என்றார்.

"தெரியுது."

"உதையும் விட்டுட்டுப் போகவேண்டி வரும்."

அவா தறப்பாளை மேலும் கீழும் ஒருதரம் பார்த்தா. "உதை விட்டுட்டுப் போறதுக்கு எனக்கு ஒரு கவலையும் வராது" என்றா. சொல்லிவிட்டு ஒழுகாத பக்கமாகப் பாயை விரித்தா.

அது என்னுடைய பக்கம். நான் என் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, தூறலுக்குள் இறங்கி, அடுத்த மரத்தடிக்கு நடந்தேன். வன்னியில் எத்தனையோ தடவை இடம்பெயர்ந்திருக்கிறேன், சந்தோஷமாகப் பெயர்ந்தது அன்று மட்டும்தான்.