நாலுவாரம் சார்

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் அவரைப் போல ஓர் அறுவையை மருத்துவ உலகம் பெற்றெடுத்ததே இல்லை. எங்கள் இரும்புலியூர் தெருவில் அவருக்குப் பெயரே ‘நாலுவாரம் சார்’தான். ஒரு பெரிய ஆஸ்பத்திரி லேபில் பூஞ்சை நோய்களைக் கண்டுபிடிப்பது அவருக்கு உத்தியோகம், ஆராய்ச்சி, பொழுதுபோக்கு எல்லாமே. எதைச் சுரண்டி எடுத்தாலும் கிண்ணத்தில் வளர்த்துப் பார்ப்பார். நாலு வாரம் ஆகாமல் வாயைத் திறக்க மாட்டார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் நகத்தையே உற்றுப் பார்ப்பார். அந்த ஆள் பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்துவிடுவார்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் ஹால் சுவரில் கறுப்பாகப் படர்ந்தது. மேஸ்திரியைக் கூப்பிட வேண்டிய இடத்தில் என் மனைவி இவரைக் கூப்பிட்டாள். பிளேடால் பக்குவமாகச் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, சுவரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். நாலு வாரம் கழித்து வாயில் நுழையாத ஒரு பெயரோடு வந்தார். அதற்குள் காரை பெயர்ந்து சோபாவில் விழுந்திருந்தது. அவர் துக்கம் விசாரித்தது சோபாவை அல்ல, காரையோடு போன பூஞ்சையை.

அப்புறம் எனக்கு இடுப்பில் படர்தாமரை. மெடிக்கல் ஷாப்பில் ஊரே வாங்கும் டியூபை நானும் வாங்கித் தடவினேன். முதலில் அடங்கி, பிறகு முதுகு வரை பட்டா போட்டுக்கொண்டது. சார் பார்த்துவிட்டு, ஈரத்தோடு இடுப்பில் கிடக்கும் அரைஞாண் கயிற்றை முதலில் அறுக்கச் சொன்னார்.

“உயிரோட இருக்கிறவன் கயித்த அறுப்பானா சார்? அபசகுனம்.”

“அப்போ சொறிஞ்சிக்கிட்டே இருங்க” என்றார். மனுஷனுக்கு இங்கிதம் மருந்துக்கும் கிடையாது.

இந்த லட்சணத்தில்தான் குரோம்பேட்டையிலிருந்து என் அக்கா வந்தாள். சர்க்கரை வியாதிக்காரி. கன்னம் ஒரு பக்கமாக வீங்கியிருந்தது. பல்வலி என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். சுவரை விசாரிக்க வந்த சார், கண் வலிக்கிறதா, மூக்கு அடைக்கிறதா என்று துருவினார். அவள் வாய்க்குள் டார்ச் அடித்தார். மேலண்ணத்தில் கறுப்பாக ஒரு திட்டு. என் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார்.

அவர் ஆஸ்பத்திரியில் அந்த இடத்திலிருந்து துளி சதை எடுத்துக் கொடுத்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தவர் சட்டென்று நிமிர்ந்தார். கிண்ணத்தில் வளர்ந்து ரிப்போர்ட் வரட்டுமே என்று இளம் சர்ஜன் தயங்கினார்.

“ரிப்போர்ட் வரும், அவங்க இருக்க மாட்டாங்க. பூஞ்சை இழைய என் கண்ணால பார்த்துட்டேன். இப்பவே தியேட்டருக்குக் கொண்டு போங்க. தப்பா இருந்தா என் வேலை போகட்டும்.”

இது நாலுவாரம் சார் வாயிலிருந்துதான் வந்ததா என்று என்னால் நம்பவே முடியவில்லை. மேல்தாடையில் ஒரு பகுதியையும் சில பற்களையும் பறிகொடுத்து, அக்கா பிழைத்து எழுந்தாள். வீடு திரும்பியதும் முதல் வேலையாக என் அரைஞாண் கயிற்றை அறுத்துப் போட்டேன்.

சரியாக நாலு வாரம் கழித்து சார் வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. கிண்ணத்தில் ஒன்றுமே முளைக்கவில்லையாம். ரிப்போர்ட்படி அக்காவுக்கு நோயே இல்லை. இந்த வகைப் பூஞ்சை அடிக்கடி இப்படி ஏமாற்றும் என்று முனகினார். அக்கா பொக்கை வாயோடு சிரித்தாள். பிறகு அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அவள் நகங்களைப் பரிசோதிக்க ஆரம்பித்தார்.

இப்போது அவர் ரிட்டயராகி வண்டலூரில் மகன் வீட்டோடு இருக்கிறார். சமீபத்தில் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். ஹால் சுவரில் மறுபடி படர்ந்திருக்கும் கறுப்பை மட்டும் தொட வேண்டாம் என்று பெயின்டரிடம் சொல்லிவிட்டேன். சார் வந்தால் சுரண்டுவதற்கு ஏதாவது வேண்டாமா?