சென்னைக்கு அனுமதி, திருச்சிக்கு டிக்கெட்

காதர் சாச்சா, இன்றைக்காவது ஒத்துக்கொள்கிறேன். தப்பு கம்ப்யூட்டர் மேல் இல்லை. என் மேல்தான்.

சாச்சா என் அத்தாவின், அதாவது அப்பாவின், தம்பி. சிங்கப்பூர்க் குடிமகன். அத்தா மௌத்தான பிறகு எங்களுக்கு எல்லாமே அவர்தான். ஸபீரா அக்காவின் நிக்காஹ் கொல்லிமலையில், எங்கள் மிளகுக் கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில். "சாச்சா வந்து கேட்டாத்தான் சம்மதம் சொல்லுவேன்" என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். நிக்காஹுக்கு முன் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து பெண்ணிடம் சம்மதம் கேட்பது எங்கள் வழக்கம்.

அவர் இந்தியா வர ஆன்லைனில் பயண அனுமதி எடுக்கும் வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன். (எட்டாவதோடு நின்றவள். பத்து நாள் கம்ப்யூட்டர் கிளாஸ் போன திமிர்.) எந்த ஏர்போர்ட்டில் இறங்குவீர்கள் என்று கேட்டு, கம்ப்யூட்டர் ஒரு பட்டியலைக் காட்டியது. அப்போது அந்தப் பட்டியலில் திருச்சியே கிடையாது. எங்கள் மலை பஸ்ஸில் கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்தாலும், கண்டக்டரிடம் சொல்லி நடுவில் இறங்கிக்கொள்ளலாம். பிளேனும் அப்படித்தான் என்று நினைத்துச் சென்னையை அமுக்கிவிட்டு, "நமக்குத் திருச்சிதானுங்க பக்கம், அங்கயே எறங்கிக்கங்க" என்று சாச்சாவிடம் சொல்லிவிட்டேன். அவரும் திருச்சிக்கே டிக்கெட் எடுத்துவிட்டார்.

நிக்காஹுக்கு முந்தின நாள் காலையில் சிங்கப்பூர் ஏர்போர்ட்டிலிருந்து போன்.

"கண்ணு, இந்த அனுமதிய வச்சுக்கிட்டுத் திருச்சியில எறங்க முடியாதாம். ஏத்தவே மாட்டேங்கிறாங்க."

"சென்னை பிளேன்ல ஏறி, வழியில திருச்சியில எறக்கிவிடச் சொல்லிப் பாருங்களேன்?" (சத்தியமாகக் கேட்டேன்.)

மறுமுனையில் சாச்சாவின் சிரிப்பு. "போனை வையி. வாரேன்."

அக்கா மருதாணிக் கையோடு அழுதாள். "கிளாஸ் போனது போதும், இனி மொறத்தை எடுத்து மிளகு பொடை" என்றாள் அம்மா.

மறுநாள் பதினோரு மணிக்கு நிக்காஹ். பதினொன்றே கால் ஆகியும் ஆளைக் காணோம். மாப்பிள்ளை வீட்டார் வாட்சைப் பார்க்க, "பத்து நிமிசம் பொறுங்க" என்றார் நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத்.

அப்போது ஒரு ஹாரன். பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்த் திரும்பிய எங்கள் கடை லாரி! காலிச் சாக்குகளின் மேல், கோட்டும் டையுமாகக் காதர் சாச்சா! டிக்கெட்டை மாற்றிச் சென்னையில் இறங்கி, மூன்று பஸ் மாறி, அடிவாரத்தில் லாரியை மறித்திருக்கிறார். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளிறியிருந்தது.

"ஏங்கண்ணு, சரியான ஸ்டாப்புலதான் எறங்கியிருக்கேனா?"

கூட்டமே சிரித்தது. அவர் நேராக உள்ளே போய் அக்காவிடம் சம்மதம் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அக்கா கத்திய "சம்மதம்!" ரோடு வரை கேட்டது.

இன்றும் வீட்டில் யார் டிக்கெட் எடுத்தாலும், "பரீதாகிட்ட மட்டும் குடுத்துறாத, பிளேன்ல விசிலடிச்சு எறங்கச் சொல்லுவா" என்பார்கள்.

அடுத்த மாதம் என் நிக்காஹ். வந்து சம்மதம் கேட்க சாச்சா இல்லை. ரமலான் நோன்புக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். படிக்கிறவர்கள் எந்த மதமானாலும் சரி, எங்கள் காதர் சாச்சாவுக்காக ஒரு துஆ கேளுங்கள்.