ரிசப்ஷன் தரையில் நாலு பேர்

வேலை கிடைக்காதோ என்று வருவது ஒரு பயம். கூட வந்தவர்கள் என்ன செய்துவைப்பார்களோ என்று வருவது இன்னொரு பயம். இரண்டையும் ஒரே நாளில், ஒரே இஸ்திரி போட்ட சட்டைக்குள் அனுபவித்தவன் நான்.

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். தாத்தா காலத்தில் பண்ணையாரிடம் கூலி உயர்த்திக் கேட்டுத் தனியாகப் போனவன் அடி வாங்கித் திரும்பினான். கூட்டமாகப் போனவர்கள் நெல்லோடு திரும்பினார்கள். அன்றிலிருந்து எங்கள் தெருவில் எந்த அதிகாரியையும் யாரும் தனியாகப் பார்க்கப் போவதில்லை. ரேஷன் கார்டில் பெயர் திருத்தக்கூட நாலு பேர் கிளம்புவார்கள்.

சென்னையில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து, யாருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதிக் கொடுக்கும் பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ வந்தது.

“ஒத்தையிலயா போவப் போற? நல்லாருக்கு கத!” என்றார் அப்பா. சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் அதற்குள் சட்டையை மாட்டியிருந்தார்கள். அப்பாவின் குத்தகை நிலம் கேஸில் கிடந்தது. இந்த வேலையும் கைநழுவினால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு நான் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். ஐந்து பேரும் சென்னைக்கு பஸ் ஏறினோம்.

“வெளியில டீக்கடையில இருங்கப்பா,” என்று கம்பெனி வாசலில் கெஞ்சிவிட்டு உள்ளே போனேன்.

எதிரே மூன்று பேர். “ஒரு திட்டத்துக்கு ஸ்டேக்ஹோல்டர்ஸ் யார் யார்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?” என்றார் நடுவில் இருந்த மேடம். திட்டத்தின் லாப நஷ்டம் யார் யாரைத் தொடுமோ அவர்கள்தான் ஸ்டேக்ஹோல்டர்ஸ்; பதில் எனக்கு மனப்பாடம். (பஸ்ஸில் வாந்தி வரும்வரை படித்தது.) வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. என் கால் ஆட, மேஜையும் ஆட, மேலிருந்த தண்ணீர் பாட்டில் நடுங்குவதை மூவரும் பார்த்தார்கள். ஐயோ, அந்த பாட்டில்!

அப்போது செக்யூரிட்டி கதவைத் தட்டினார். “ரிசப்ஷன்ல நாலு பேர் தரையில உக்காந்துட்டாங்க மேடம். சிவப்புத் துண்டு. முடிவு தெரியாம எழுந்திரிக்க மாட்டாங்களாம்.”

“ஏதாவது நிலத் தகராறா இருக்கும். போலீஸைக் கூப்பிடுங்க,” என்றார் ஓரத்தில் இருந்தவர்.

சிவப்புத் துண்டு என்றால் எங்கள் ஆட்கள்தான். அப்பா போலீஸ் வேனுக்குப் புதியவரல்ல. ஆனால் எனக்காக ஏறியதில்லை.

“போலீஸ் வேண்டாம் சார்! என்ன வேணும்னு நான் கேட்டுட்டு வரேன்!”

“போங்க. அதுதானே இந்த வேலையே,” என்றார் மேடம்.

சோபா அழுக்காகிவிடுமென்று பளபளக்கும் தரையில் நால்வரும் சம்மணம் போட்டிருந்தார்கள்.

“என்னப்பா, ஒத்துக்கிட்டாங்களா?” என்றார் அப்பா.

“இன்னும் பேசியே முடிக்கல. ஏம்ப்பா உள்ள வந்தீங்க?”

“சித்தப்பாவுக்கு அவசரம். பஸ் ஏறுனதுலேருந்து அடக்கிக்கிட்டு இருக்கான். கக்கூஸ் எங்கன்னு கேட்டா, இந்த செக்யூரிட்டி எதுக்கு வந்தீங்கங்குறாரு. முடிவு தெரிஞ்சுக்க வந்தோம்னேன். வெளிய போங்கன்னாரு. உக்காந்துட்டோம்.”

உள்ளே ஓடினேன். “ஒரே கோரிக்கைதான் மேடம். ஒருத்தர் பாத்ரூம் போகணும்.”

“எப்படி இவ்வளவு சீக்கிரம் சொல்ல வச்சீங்க?”

“அவரு எங்க சித்தப்பா மேடம். பக்கத்துல எங்க அப்பா.”

மூவரும் என்னையே பார்த்தார்கள். இனி இழக்க என்ன இருக்கிறது என்று முதல் கேள்விக்கும் பதில் சொன்னேன்: “முடிவு தெரியாம எழுந்து போகாதவங்கதான் மேடம், ஸ்டேக்ஹோல்டர்ஸ்.”

மேடம் சிரித்தார். சித்தப்பாவுக்கு வழி காட்டச் சொன்னார். எனக்கு வேலை கிடைக்கவில்லை. (கிடைத்திருந்தால் இதைப் பெருமையாக அல்லவா எழுதியிருப்பேன்!) பிறகு வேறு கம்பெனியில், யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய் வேலை வாங்கினேன். சந்தோஷச் செய்தியைக் கேட்ட அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இன்றும் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும், “மொதல்ல கக்கூஸ் எங்கன்னு கேட்டுக்க,” என்பார்கள். போன மாதம் என் மகளுக்கு வீட்டிலேயே, கம்ப்யூட்டரில் இன்டர்வியூ. அறைக்குள் போகத் திரும்பியவள் நின்றுவிட்டாள். கூடத்துத் தரையில் அப்பாவும் சித்தப்பாவும் சம்மணம் போட்டிருந்தார்கள்.

“தாத்தா, இது நம்ம வீடு. சோபாவுல உக்காருங்க.”

“நீ போயி பேசும்மா. நாங்க இருக்கோம்.”

அவள் கதவைச் சாத்தாமலே உள்ளே போனாள். என் கால் அன்றுபோலவே ஆட ஆரம்பித்தது. நானும் போய் அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.