வெடிக்கக் கூடாத ஷெல்

தகர ஷெட்டில் தொடங்கி சிவகாசி ரோட்டில் பட்டாசுக் கம்பெனி கட்டினேன். சொந்த லாரி, மாடி வீடு, தம்பி தங்கச்சிகளுக்குக் கல்யாணம், ஊருக்குள் ஒரு தண்ணித் தொட்டி, எல்லாம் நான் செய்தது. படிப்பு அஞ்சாங்கிளாஸ் (அதுவும் முழுசா இல்லை). ஒரு மழையில் சரக்கு மொத்தமும் நமத்துப் போனது. நான் நமத்துப் போகவில்லை. இப்பேர்ப்பட்டவனைப் பற்றிச் சொந்தக்காரர்கள் சொல்லிச் சிரிக்க ஒரே ஒரு கதைதான் வைத்திருக்கிறார்கள். அதிலும் என் பேரில் தப்பில்லை.

என் கடைசி மகள் கனகா விருதுநகரில் பிளஸ் ஒன் படித்தாள். காலேஜில் பிசிக்ஸ்தான் எடுப்பேன் என்று ஒரே பிடிவாதம் (யார் மகள்?). அந்த வருசம் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு மதுரையிலிருந்து ஒரு புரபசர் வருவதாக இருந்தது. நல்ல புராஜெக்ட் செய்யும் ஒரே ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக் கோடை வகுப்புக்குக் கூட்டிப்போவாராம். கனகா அதற்காகச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள்.

"அப்பா, எனக்கு ஒரு ஷெல் வேணும்" என்றாள். குழாயில் வைத்து வானத்துக்கு விடும் உருண்டைதான் ஷெல்.

"ஒண்ணு என்னத்தா, ஒரு லோடு தாரேன்."

"வெடிக்கக் கூடாது. உள்ள மருந்துக்குப் பதிலா மண்ணு வைங்க. மேல போயி, வளைஞ்சு, கீழ விழணும். அந்த வளைவை போன்ல படம் பிடிச்சுக் கணக்குப் போடணும். அம்புட்டுதான்."

வெடிக்காத சரக்கு ஒன்று விழுந்தாலே ஆர்டர் திரும்பி வந்துவிடும் தொழில் இது. ஊரே பார்க்க, என் லேபிள் ஒட்டிய ஷெல் புஸ்ஸென்று வந்து விழுவதா? நாளைக்கு டீக்கடையில் எவன் முகத்தில் முழிப்பது?

"சரித்தா" என்றேன். வைத்தது மண் இல்லை. அந்த சீசனின் முதல் தர மருந்து. சிவப்பாய் விரிந்து பச்சையாய் உதிரும்.

கண்காட்சியன்று எல்லாரையும் தூரத்தில் நிறுத்திவிட்டு, எங்கள் போர்மேன் மைதானத்து நடுவில் திரி வைத்தார். ஷெல் போனது. வளைந்தது. தோழியின் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த கனகா முகத்தில் சிரிப்பு. அடுத்த நொடி, டமார்! பட்டப்பகலில் வானம் பூராவும் சிவப்பு, பச்சை. தலைமை ஆசிரியை மைக்கைக் கீழே போட்டார். புரபசர் மேசைக்கு அடியில் போய்விட்டார். கைதட்டியது நான் ஒருத்தன்தான்.

"அப்பா, மண்ணு எங்க?"

"மண்ணு என்னத்தா மண்ணு! கலரைப் பாத்தியா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, "பிள்ளை படிப்புல கொள்ளி வச்சிட்டு நிக்கீகளே, நல்லா இருக்கீகளா?" என்றாள்.

புரபசர் மேசையடியிலிருந்து தலையை நீட்டினார். "ஏம்மா, இப்ப உன் வளைவு எங்க?"

கனகா போனில் அந்தப் படத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "வளைவு உடையல சார். பொறி எல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஓடுது. ஆனா அதுக எல்லாத்துக்கும் நடுப்புள்ளி அந்தப் பழைய பாதையிலயேதான் போகுது. காத்து இழுக்கிறதால கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்."

"காட்டு."

தரையிலேயே உட்கார்ந்து புள்ளி வைத்துக் காட்டினாள். புரபசரும் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. எழுந்தவர், "மண்ணு வச்ச குண்டுன்னா நான் தூங்கியிருப்பேன். கோடை வகுப்புக்கு வந்துரும்மா" என்றார். கேட்டீர்களா? புரபசரே சொன்னது!

இப்போது அவள் அதே பல்கலைக்கழகத்தில் பிசிக்ஸ் முடிக்கப் போகிறாள். எங்கள் வீட்டு விசேசங்களிலோ இது 'படிப்புக்கு வெடி வச்ச அப்பா' கதையாகவே ஓடுகிறது. நான் காபி கலந்து நீட்டினால்கூட, என் மனைவி உள்ளே என்ன போட்டேன் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன மாசம் காலேஜ் விழாவில் கனகா பேசினாள். டீச்சருக்கு நன்றி, புரபசருக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி, போன் இரவல் கொடுத்த தோழிக்கும் நன்றி. எனக்கு? ஒன்றுமில்லை.

ஏத்தா கனகா, வெடிக்காமல் விழுந்திருந்தால் உன் நடுப்புள்ளிக்கு எங்கே போயிருப்பாய்? அடுத்த மேடையில் என் பேரை முதலில் சொல்லு. மைக்கை நல்லாப் பக்கத்தில் பிடித்துச் சொல்லு.