சடையாண்டி தேன் நிலையத்தின் தரச் சோதனை

ஒரு காட்டில் ஒரு கரடி வாழ்ந்து வந்தது என்று ஆரம்பிப்பது வழக்கம். சடையாண்டிக் கரடிக்கு அது பிடிக்காது. "வாழ்ந்தா வந்தேன்? வியாபாரம்ல பண்ணிக்கிட்டு வந்தேன்" என்று திருத்தும். ஆகவே, ஒரு காட்டில் ஒரு கரடி வியாபாரம் செய்து வந்தது. கடைக்கும் அதன் பெயர்தான்: சடையாண்டி தேன் நிலையம். மலைத்தேன், கொம்புத்தேன், கொசுத்தேன் எல்லாம் மண்பானையில் கிடைக்கும்.

அங்கே விற்பனை மேலாளராகச் சேர்ந்தது மதியரசன் என்ற இளங்கழுதை. அதன் பரம்பரையில் காகிதத்தைத் தின்பதற்கு முன் படித்துப் பார்த்த முதல் கழுதை அதுதான். நிர்வாகவியலில் பட்டம். சான்றிதழை வீட்டில் நல்ல உயரத்தில் மாட்டியிருந்தார்கள். பெருமைக்காக என்று அப்பா கழுதை சொல்லும். சித்தப்பாவுக்கு எட்டக் கூடாது என்பதுதான் உண்மைக் காரணம்.

வேலையில் சேர்ந்த அன்று மதியரசன் கழுத்தில் அடையாள அட்டையோடு வீட்டுக்குப் போனது. அப்பா அதை முகர்ந்து பார்த்தது.

"கயிறு எங்க கழுத்துலயும்தான் இருந்துச்சு. உன் கயித்துல போட்டோ இருக்கு. பெரிய ஆளாயிட்டடா" என்று சொல்லிக் கண்கலங்கியது.

ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் விற்பனை ஏற வேண்டும். ஏறாவிட்டால் மதியரசன் பழையபடி பொதி சுமக்கப் போகலாம் என்று கரடி சொல்லியிருந்தது. விற்பனையோ நாளுக்கு நாள் இறங்கியது. அக்கரைக் காட்டிலிருந்து வெல்லப்பாகு கண்ணாடிப் புட்டியில் 'தேன்' என்ற பெயரோடு வந்திறங்கியிருந்தது. ஈகூட அதைத் தேன் என்று நம்பவில்லை. இருந்தாலும் காடே வரிசையில் நின்று அதை வாங்கியது.

கரடி கூட்டம் போட்டது. "ஏன் நம்ம தேன் போகல?"

"பானைல என் படம் இல்ல" என்றது விளம்பரப் பிரிவு மயில்.

"சித்திரைல அனுப்பின சரக்கு இப்பதான் போய்ச் சேர்ந்திருக்கு. அதுக்குள்ள ஏன் அவசரப்படணும்?" என்றது விநியோகப் பிரிவு ஆமை.

"சந்தை மந்தமா இருக்கு" என்றது ஆலோசகர் நரி. நரிக்கு அங்கே என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் அதற்கும் ஒரு ஆலோசனை சொல்லும்.

மதியரசன் மெதுவாக எழுந்தது. "சார், வாங்குறவங்ககிட்டயே கேட்டுப் பார்க்கலாமா?"

நரி பரிதாபமாகப் பார்த்தது. "தம்பி, தேனைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?"

ஆனாலும் மதியரசன் ஓடைக்கரைக்குப் போனது. அங்கே கோமளம் என்ற மந்தி, பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. நிலையத்தின் பழைய வாடிக்கை. பக்கத்தில் அக்கரைப் புட்டி.

"ஏம்மா, நம்ம தேன்ல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல தம்பி. தங்கமான தேன்."

"பிறகு ஏன் இந்தப் பாகு?"

"உங்க முதலாளி தினம் காலைல கடையில என்ன பண்றாரு?"

"தரச் சோதனை."

"அதை எப்படிப் பண்றாரு?"

மதியரசன் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னது. "ஒவ்வொரு பானையிலும் கையை விடுவார். நக்கிப் பார்ப்பார். 'ம்'ம்பார். அப்புறம் அதே கையை அடுத்த பானையில..." அங்கேயே நின்றுவிட்டது.

"சொல்லு, சொல்லு. படிச்ச புள்ள வாயால கேட்க நல்லாருக்கு" என்றது கோமளம். "நான் பெத்த புள்ள கடிச்ச பழத்தையே தொட மாட்டேன். கரடி எச்சிலைக் காசு குடுத்து வாங்கணுமாக்கும்." சொல்லிவிட்டு, பிள்ளையின் தலையில் அகப்பட்ட பேனை வாயில் போட்டுக்கொண்டது.

மதியரசனுக்கு அன்று புல் இறங்கவில்லை. "எச்சில்னு சொன்னா முதலாளி உதைப்பாருப்பா. சொல்லலைன்னா விற்பனை ஏறாது. எப்படியும் வேலை போயிடும்" என்று அப்பாவிடம் புலம்பியது.

"உதை வாங்குறது நம்ம குடும்பத்துக்குப் பழக்கம்தான்" என்றது அப்பா. "திருப்பிக் குடுக்கவும் தெரியும். எதை எப்பப் பண்ணணும்னு உன் படிப்புல சொல்லித் தரலையா?"

அடுத்த கூட்டத்தில் கரடி தன் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தது. "எங்கப்பா காலத்துலேருந்து நாக்குல படாத சரக்கை நாங்க வித்ததில்ல."

மதியரசன் எழுந்தது. "சார், அதைத்தான் காட்டுல எல்லாரும் எச்சில்ங்கறாங்க."

மயில் தோகையை மடக்கியது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அந்த வருடத்தில் அது வேகமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். கரடி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சுத்தமாத்தானே நக்குறேன்" என்றது கடைசியில்.

கோபத்தை எதிர்பார்த்து வந்த கழுதைக்கு அந்தக் குரலைக் கேட்கச் சங்கடமாக இருந்தது. "ஒரு கரண்டி வச்சுக்கலாம் சார். எடுத்துத் தனியா ருசி பார்த்துட்டா போதும்."

கரடி தலையாட்டப் போனது. நரி குறுக்கே வந்தது.

"கரண்டி வச்சா, இத்தனை நாள் பண்ணினது தப்புன்னு நாமே சொன்ன மாதிரி ஆயிடும். மறைச்சாத்தான் அது குறை. அச்சடிச்சு ஒட்டினா அதுவே சிறப்பு."

அடுத்த சந்தையில் ஒவ்வொரு பானையிலும் ஒரு சீட்டு இருந்தது: 'முதலாளியே நாவால் தொட்ட தேன்.' விலை இரண்டு மடங்கு. வரிசை ஓடையைத் தாண்டிப் போனது. முன்னால் நின்றது கோமளம்.

"எச்சில்னீங்களேம்மா" என்றது மதியரசன்.

"அப்ப சும்மா நக்கினாரு. இப்ப எழுதிப் போட்டுல்ல நக்குறாரு? அதுல ஒரு பொறுப்பு இருக்கு" என்றது கோமளம். "வீட்டுல விசேஷம் தம்பி. ரெண்டு பானை குடு."

அக்கரைப் பாகுக்காரர்கள் அவசரமாக ஒரு கரடியைத் தேட ஆரம்பித்தார்கள்.

கூட்டம் கூடக் கூடக் கரடியால் ஈடுகொடுக்க முடியவில்லை. நாக்கு வீங்கியது. வைத்தியம் பார்க்க வந்த மரங்கொத்தி, இனிப்பைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. நக்குவதற்கு வேறு ஆள் வேண்டும். மயிலுக்கு அலகு. ஆமையிடம் கொடுத்தால் ஒரு பானைக்கு ஒரு பருவம் ஆகும். ஆலோசகர் எதிலும் வாய் வைக்கக் கூடாது என்பது தன் தொழில் தர்மம் என்றது நரி.

எல்லாரும் மதியரசனைப் பார்த்தார்கள்.

"நீளமான நாக்கு. அதோட, இந்தப் பிரச்சனையை முழுசாப் புரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்" என்றது கரடி. "இன்னியிலேருந்து நீ தரச் சோதனைத் தலைவர். வேலை நிரந்தரம்."

மதியரசன் தயங்கியது. "சார், சீட்டுல 'முதலாளியே'ன்னு போட்டிருக்கு. நான் முதலாளி இல்லையே. பொய்யாயிடுமே."

அதன் நேர்மை எல்லாரையும் உருக்கியது. நரி உடனே சீட்டைத் திருத்தியது: 'நிர்வாகத்தால் நாவால் தொடப்பட்டது.' மதியரசன் அதில் பொய் எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தது. அகப்படவில்லை. பானைக்குள் தலையை விட்டது.

அன்று முதல் தன் வீட்டுக்கு மட்டும் அது அக்கரைப் பாகை வாங்கிப் போனது.

மழைக்காலம் முடிந்த சமயம், அப்பாவும் சித்தப்பாவும் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தன.

"பாத்தியா? பொதி இல்ல, உதை இல்ல. நிழல்ல நின்னு நக்குறான்" என்றது அப்பா. "படிப்பு படிப்புதான்."

சித்தப்பா பானையிலிருந்து உரிந்து விழுந்த ஒரு சீட்டை எடுத்து, படிக்காமலேயே மென்றுகொண்டிருந்தது.

நீதி: உண்மையைச் சொல்பவனை நல்ல நிர்வாகம் கைவிடாது, அவன் கண்டுபிடித்த தவற்றைச் செய்யும் பொறுப்பை அவனிடமே கொடுத்து, வேலையை நிரந்தரமாக்கும்.